பத்தாம் வருஷத்து விசுவாசம்

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை யார் எழுதினார் என்பது இன்றுவரை தீராத விவாதம். யாருக்கு எழுதப்பட்டது என்பது மட்டும் அதன் பத்தாம் அதிகாரத்தில் நன்றாகவே தெரிகிறது. அவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. ஒரு காலத்தில் ஊரார் முன்னால் அவமானப்பட்டவர்கள். சிறையில் கிடந்தவர்களோடு துணை நின்றவர்கள். வீட்டுச் சாமான்களைப் பிறர் அள்ளிக்கொண்டு போனபோது அதையும் சந்தோஷமாகத் தாங்கியவர்கள். அத்தனைக்கும் பிறகு, அவர்களில் சிலர் சபை கூடிவருவதையே விட்டுவிட்டார்கள். இரத்தம் சிந்தும் அளவுக்கு இன்னும் எதுவும் வரவில்லை என்று எழுதியவரே சொல்கிறார். அவர்கள் களைத்துப் போயிருந்தார்கள், அவ்வளவுதான்.

முதல் அடியைத் தாங்கிவிடலாம். ஞானஸ்நானம் எடுத்த வருஷத்தில் வீட்டார் பேசாமல் இருந்தாலும், உறவுக்காரர்கள் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டாலும் உள்ளே ஒரு வேகம் இருக்கும். பத்தாம் வருஷம் வேறு. கணவர் குடியை விடவில்லை. மகளுக்கு வரன் அமையவில்லை. இரண்டாவது சுற்றுக் கீமோ தொடங்கியாயிற்று. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் எல்லாரும் பெற்றுக்கொண்டவர்கள். இன்னும் காத்திருப்பவர் உட்கார்ந்தபடி அவர்களுக்காகக் கைதட்டுகிறார். இந்தக் குறிப்புகள் காத்திருப்பவருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும்.

செய்யக்கூடாதவற்றை முதலில் வைக்கிறேன். களைத்தவர் தோளில் இருக்கும் சுமையில் பாதியை ஏற்றியது நாம்தான். அதை இறக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

செய்யக்கூடாதவை

உங்கள் விசுவாசத்தை நாள்தோறும் அளந்து பார்க்காதீர்கள்.

காய்ச்சல்காரர் மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுபோலச் சிலர் தங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். காலை ஜெபத்தில் கண்ணீர் வந்ததா? பாட்டின்போது உள்ளம் அசைந்ததா? போன மாதம் இருந்த உற்சாகம் இந்த மாதம் இருக்கிறதா? இல்லை என்றால் பயம். பயம் வந்ததும் இன்னும் கூர்ந்து அளக்கிறார்கள். இதற்கு முடிவே கிடையாது. விசுவாசம் கிறிஸ்துவைப் பார்க்க வேண்டியது. அது தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே பார்க்கத்தக்கதாகப் பெரிதாக ஒன்றும் அகப்படாது.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். அந்தக் காலத்தில் எகிப்தில் மனைவியைச் சகோதரி என்று சொல்லித் தப்பித்தார். வாக்குத்தத்தம் தாமதமாகிறதென்று ஆகாரிடம் பிள்ளை பெற்றுக்கொண்டார். அப்போது வயது 86. 99 வயதில் மறுபடியும் வாக்குக் கொடுக்கப்பட்டபோது முகங்குப்புற விழுந்து சிரித்தார். பிறகு கேராரில் அதே பழைய பொய்யை இன்னொரு தரம் சொன்னார். ஆதியாகமம் இதில் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் ரோமருக்கு எழுதும் பவுல், இதே மனிதர் அவிசுவாசத்தால் தடுமாறவில்லை என்கிறார். பவுலுக்கு ஆதியாகமம் தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் 25 வருஷத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இடையில் என்னென்ன செய்தாலும் ஆபிரகாம் தாம் விட்டு வந்த தேசத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அன்றன்றைக்கு அளந்திருந்தால் அவர் எத்தனையோ நாள் தேறியிருக்க மாட்டார்.

மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் வலிப்புள்ள மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன்னிடம் விசுவாசமும் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது என்று ஒரே மூச்சில் கத்திவிடுகிறான். மீதியைத் தேடிக்கொண்டு நாளைக்கு வா என்று இயேசு அவனை அனுப்பவில்லை. பையன் அன்றைக்கே குணமானான்.

மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தை நிரூபிக்காதீர்கள்.

இதில் எனக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. சுகமளிக்கும் கூட்டத்தில் ஜெபித்தாயிற்று என்று இன்சுலினை நிறுத்தியவர், வலிப்பு மாத்திரையைத் தூக்கி எறிந்தவர், காசநோய் மருந்தை இரண்டு மாதத்தோடு விட்டவர் எல்லாருமே நம் சபைகளில் இருந்திருக்கிறார்கள். மருந்தைப் பாதியில் விட்டால் காசநோய்க் கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறித் திரும்பி வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பில் உயிரே போகலாம். சுகம் கிடைத்ததாக நம்பினால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்மையான சுகம் பரிசோதனைக்குப் பயப்படாது. எவ்வளவு குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அந்தக் காலத்துக் கைமருந்தைத்தான் சொன்னார். துரோப்பீமு நோயாயிருந்ததால் அவரை மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகச் சங்கடம் இல்லாமல் எழுதினார். வைத்தியனாகிய லூக்கா அவருடைய பயணத் தோழர். நம் பக்கத்திலேயே பாருங்கள்: ஐடா ஸ்கடர் என்ற பெண் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலைதான் சி.எம்.சி. ஆனது. 1918இல் அங்கே பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் திறந்தார். ஜெபத்தில் பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மாத்திரையை ஜெபத்தின் பெயரால் வேண்டாம் என்பது விநோதம்.

மனநோய்க்கும் இதே பேச்சுதான். தொடர்ந்து தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் அதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போதகரிடமும் போங்கள், மனநல மருத்துவரிடமும் போங்கள்.

வாக்குத்தத்த அட்டையை ஒப்பந்தப் பத்திரமாக்காதீர்கள்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அட்டை எடுக்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை. அட்டையை பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அக்டோபர் வரை கணக்குப் பார்ப்பதுதான் ஆபத்து. ‘இந்த வருஷம் உயர்த்துவேன் என்றாரே, ஏன் உயர்த்தவில்லை?’

நம் ஊர் அட்டைகளிலும் காலண்டர்களிலும் மிகுதியாக அச்சாகும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. கர்த்தர் தம் ஜனங்களுக்கு வைத்திருப்பது தீமையான நினைவுகள் அல்ல, சமாதானமானவை என்ற அந்த வாக்கு. அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. அதில் 70 வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மண்ணாகப் போகிறவர்கள் என்று அர்த்தம். அவர்களுக்குச் சொல்லப்பட்டது: வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கள்ளத் தீர்க்கதரிசிகள். அனனியா இரண்டே வருஷம் என்றான். கூட்டத்துக்குப் பிடித்தது அவன் பேச்சுதான்.

எந்த வாக்குத்தத்தத்தையும் அதன் அதிகாரம் முழுவதையும் வாசித்த பிறகு பிடித்துக்கொள்ளுங்கள். பிடி அப்போது நிலைக்கும்.

துன்பப்படுகிறவருக்குக் காரணம் சொல்லாதீர்கள்.

யோபுவின் சிநேகிதர்கள் செய்ததில் சரியானது ஒன்று உண்டு. வந்ததும் ஏழு நாள் அவரோடு தரையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாள் பேசத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பல பேர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே வந்திருந்த குழந்தைகள். இவற்றுக்கும் மேடையில் நின்று காரணம் சொன்னவர்கள் உண்டு. ‘தேவனுக்கு அந்தப் பூ தேவைப்பட்டது’ என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இயேசு அழுதார்; சில நிமிஷத்தில் அவனை எழுப்பப் போவது அவருக்குத் தெரிந்திருந்தும் அழுதார்.

1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்த டோனாவூர் ஏமி கார்மைக்கேல், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கென்று நல்ல உடம்புக்காரர்கள் எழுதி அனுப்பிய ஆறுதல் பிரசுரங்கள் அவருக்கு ஒட்டவே இல்லை. அதனால் நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு புத்தகத்தைத் தாமே எழுதினார். நல்ல உடம்போடு இருப்பவர்கள் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும்முன் இதை நினைத்துக்கொண்டால் வருகை நேரம் தானாகக் குறையும்.

எல்லா அடியையும் சிலுவை என்று சொல்லி வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அடிக்கிற கணவனோடு இருக்கும் பெண்ணுக்கு ‘பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு, மாறுவார்’ என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பொறுமை என்பதன் பொருள் இதுவானால் பவுலுக்கே அது இல்லை. தமஸ்குவில் அவரைக் கொல்ல எதிரிகள் வாசலில் காத்திருந்தபோது கூடையில் ஏறி மதிலிலிருந்து இறங்கித் தப்பினார். எருசலேமில் சாட்டையால் அடிக்க வாரால் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொல்லி அடியை நிறுத்தினார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் அடுத்த பட்டணத்துக்கு ஓடிப்போகச் சொன்னவர் இயேசுவே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் சட்டம் வந்துவிட்டது. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் அவனுக்காக ஜெபிக்க முடியும்.

கடன் வாங்கிக் காணிக்கையாக ‘விதைக்காதீர்கள்.’ நூறு மடங்கு திரும்பி வரும் என்று யாராவது மேடையில் சொன்னால், அவர் விதைத்ததை எந்த ஏழைக்கு விதைத்தார் என்று கேளுங்கள். இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

அடுத்தவருடைய சாட்சியோடு உங்கள் வாழ்க்கையை ஒப்பிடாதீர்கள். எபிரெயர் பதினோராம் அதிகாரத்தில் ஒரே வசனத்தின் முற்பாதியில் சிலர் மரித்தவர்களை உயிரோடு திரும்பப் பெறுகிறார்கள். பிற்பாதியிலேயே வேறு சிலர் வாதிக்கப்படுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நற்சாட்சி கொடுத்தது ஒரே விசுவாசம்தான்.

செய்ய வேண்டியவை

உங்களுக்காக யார் ஜெபிக்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பந்தியில் பேதுரு சிறைக்கும் சாவுக்கும் தயார் என்கிறார். அதற்கு முன்பே இயேசு அவரிடம், சாத்தான் உங்களைப் புடைக்க உத்தரவு கேட்டிருக்கிறான், உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடி நான் உனக்காக வேண்டிக்கொண்டேன் என்ற கருத்தில் பேசி முடித்துவிட்டார். நீ விழமாட்டாய் என்று அவர் சொல்லவில்லை. சேவல் கூவுவதற்குள் என்ன நடக்கும் என்றே சொன்னார். அதோடு, நீ திரும்பி வந்தபின் உன் சகோதரரைத் திடப்படுத்து என்று வேலையும் கொடுத்துவிட்டார். விழுவதற்கு முன்பே, எழுந்த பிறகு செய்ய வேண்டிய வேலை தயாராக இருந்தது. பேதுருவுக்கு அன்றிரவு இது புரிந்திருக்காது. பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் அவர் நம்பி நின்றது தம் தைரியத்தை. அது ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே தாங்கவில்லை.

இரட்சிக்கப்பட்டவர் கடைசியில் விழுந்துபோக முடியுமா என்று இறையியலார் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். நெதர்லாந்தின் டார்ட் நகரில் 1618, 1619இல் ஒரு சங்கமே கூடித் தீர்மானம் போட்டது. வாதம் அதோடு நின்றுவிடவில்லை. எந்தப் பக்கம் நிற்பவரும் ஒத்துக்கொள்வது, தன் சொந்தப் பலத்தால் யாரும் முடிவுவரை நிற்பதில்லை என்பதுதான். எனவே தூக்கம் வராத இரவில் ‘நான் நிலைப்பேனா’ என்ற கேள்வியை மூடி வைத்துவிட்டு, ‘அவர் எனக்காக வேண்டுகிறார்’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது ஒரு மந்திரம் இல்லை. எபிரெயர் ஏழாம் அதிகாரம் அதைக் கிறிஸ்துவின் இன்றைய வேலை என்று சொல்கிறது.

முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

கர்மேலில் அக்கினியை இறக்கிய எலியா, யேசபேல் அனுப்பிய ஒரே செய்தியில் உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாகக் கேட்டார். கர்த்தருடைய தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் காட்டினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் மறுபடி வந்து, பயணம் தூரம், சாப்பிடு என்றான். ஓரேபில் கர்த்தர் பேசியது 40 நாள் கழித்து. அங்கேயும் எலியாவுக்குக் கிடைத்தவை வெறும் வார்த்தைகள் இல்லை: செய்ய வேண்டிய வேலைகள், எலிசா என்ற துணையாள், பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற தகவல்.

நாமோ சோர்ந்தவரிடம் முதலில் உபவாசம் இருக்கச் சொல்கிறோம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், கைக்குழந்தைக்காரி, இரவு ஷிப்ட் பார்க்கிறவர் ஆகியோருக்கு ஆவிக்குரிய சோர்வு என்று தோன்றுவதில் பெரும்பங்கு வெறும் தூக்கக் குறைவு. மூன்று நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் பிறகு உங்கள் ஆத்துமாவைப் பற்றி முடிவு செய்யுங்கள்.

முறையிடுங்கள்.

ஸ்தோத்திரம் என்று தொடங்கி ஸ்தோத்திரம் என்று முடிக்காத ஜெபத்தை நம் ஜெபக்கூட்டங்கள் சந்தேகமாகப் பார்க்கின்றன. சங்கீதப் புத்தகத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறது. 88ஆம் சங்கீதம் புலம்பித் தொடங்கிப் புலம்பியே முடிகிறது. நம்பிக்கையான வரி ஒன்றை கடைசியில் ஒட்டிவைக்கும் வேலையை அது செய்யவில்லை. அதையும் வேதம் என்றுதான் வைத்திருக்கிறோம். கர்த்தர் மேல் கோபமாக இருந்தால் அதைக் கர்த்தரிடம் சொல்வது விசுவாசம்தான். பேச்சை நிறுத்துவதுதான் விலகல். அன்னை தெரசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அவருக்குள் தேவ பிரசன்னத்தின் உணர்வே இல்லாமல் இருந்தது தெரிந்து பலர் திடுக்கிட்டார்கள். அந்த வறட்சியைத்தான் அவர் தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்கும் போனார்.

சொந்த வார்த்தை வற்றும்போது எழுதி வைத்த ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எழுதி வைத்ததைப் படிப்பதும் ஜெபமா?’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சோர்ந்து பார்க்காதவர்கள். சிலுவையில் இயேசுவே 22ஆம் சங்கீதத்தின் வார்த்தைகளைத்தான் கூப்பிட்டார். வாய் வராத நாளில் கர்த்தருடைய ஜெபம், ஆராதனை முறையில் உள்ள பாவ அறிக்கை, பாமாலையில் அம்மா பாடிய பாட்டு, வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனை, எது நினைவுக்கு வருகிறதோ அது போதும். உணர்ச்சி இல்லாமல் சொன்னாலும் சொல்லுங்கள். விசுவாசப் பிரமாணத்தை சபையார் சேர்ந்து சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது: உங்களால் நம்ப முடியாத ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருப்பவர் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

உங்கள் கையைத் தாங்க இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள்.

அமலேக்கோடு யுத்தம் நடந்த நாளில் மோசேயின் கைகள் உயர்ந்திருந்தால் இஸ்ரவேல் மேற்கொண்டது, தாழ்ந்தால் அமலேக்கு மேற்கொண்டது. கை அசந்துபோனது. ‘இன்னும் கொஞ்சம் விசுவாசமாகத் தூக்குங்கள்’ என்று ஆரோனும் ஊர் என்பவரும் சொல்லவில்லை. முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் நின்று சூரியன் மறையும்வரை தாங்கினார்கள். நிலைத்து நின்றது மோசேயின் கை என்று எழுதியிருக்கிறது. தாங்கிய கைகள் நான்கு. ஜான் பன்யன் தமது மோட்சப் பயண நூலிலும் (1678) யாத்திரிகனைக் கடைசி ஆற்றில் தனியே இறக்கவில்லை. அவன் மூழ்கப்போகும்போது கூட வந்த தோழன்தான் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொள்கிறான். அந்தக் கதையை எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவனம் வேண்டும். நீங்கள் சொன்னதை மாலையில் வாட்ஸ்அப் குழுவில் ‘ஜெபக் குறிப்பு’ என்று போடுகிறவர் வேண்டாம். உடனே வசனம் சொல்லாதவர், கேட்ட பிறகு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர், அடுத்த வாரம் தாமாகவே போன் பண்ணி ‘அந்த விஷயம் என்ன ஆச்சு?’ என்று விசாரிப்பவர். அப்படிப்பட்டவர் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கையில் இருக்கும் வேலையைச் செய்துகொண்டிருங்கள்.

மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கிய சிறிது காலத்தில் டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டார். வெளியே வர நான்கு மாதம் ஆனது. 1711இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சடிக்கப் போனால், ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்தன, காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்தை இங்கேயே வார்க்க வேண்டியிருந்தது. 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டை ரூத்வரை கொண்டுவந்தார். 1719 பிப்ரவரியில், 36 வயதில், இறந்துபோனார். மீதியைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார்.

அவருடைய நாட்களில் பெரும்பாலானவை சிறை, காகிதம், எழுத்து, தளபதியோடு தகராறு, வயிற்று நோய் என்று கழிந்தவையே. ஆனாலும் மொழிபெயர்ப்பை அவர் கைவிடவில்லை. பெரிய தரிசனம் மங்கிப்போனால், அது திரும்பி வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். ஞாயிறு பள்ளியில் எடுக்கும் வகுப்பை எடுங்கள். பக்கத்து வீட்டு முதியவருக்கு வாங்கிக் கொடுக்கும் பாலை வாங்கிக் கொடுங்கள். நீங்கள் ரூத்தோடு நின்றாலும் சாமுவேல் புத்தகத்தை மொழிபெயர்க்க வேறொருவர் வருவார்.

தேவையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நல்ல போராட்டம் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன் என்ற பொருளில் பவுல் எழுதியதை நாம் கல்லறைக் கல்லில் பொறிக்கிறோம். அடுத்த சில வரிகளிலேயே அவர் கேட்பவற்றை யாரும் பொறிப்பதில்லை. தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மாத்திரம் இருக்கிறான், நீ சீக்கிரம் வா. துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டு வந்த மேலங்கியை எடுத்து வா. புத்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்து வா. குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு. விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன் என்று சொன்ன அதே மனிதருக்குக் குளிருகிறது, தனிமையாக இருக்கிறது, படிக்க ஆசையாக இருக்கிறது. எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்டார். ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லிவிட்டு யாரிடமும் கேட்காமல் இருப்பது சில சமயம் விசுவாசம், பல சமயம் கௌரவம். ஸ்கூல் பீஸ் கட்ட முடியவில்லை என்றால் சபைக் கமிட்டியில் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் இரவு தங்க ஆள் வேண்டும் என்றால் இன்னாரை அனுப்புங்கள் என்றே கேளுங்கள்.

வராமல் போனவரைத் தேடிப் போங்கள்.

இது களைத்தவருக்கு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு. இரண்டு ஞாயிறு இடம் காலியாக இருந்தால் மூன்றாவது ஞாயிறுக்குக் காத்திருக்க வேண்டாம். போகும்போது நாலு பேராகப் போகாதீர்கள். அது விசாரணைக் குழு மாதிரி இருக்கும். ஒருவராக, ஒரு தூக்குவாளியில் ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவேண்டாம். அவராகச் சொன்னால் பதில் சொல்லாமல் கேளுங்கள். கிளம்பும்போது ஜெபிக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு வாருங்கள், வீட்டில் வந்து ஜெபித்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் மறுபடி போங்கள். என்றாவது ஒரு ஞாயிறு அவர் வந்தால் மேடைக்கு அழைத்துச் சாட்சி கேட்கவேண்டாம் என்று போதகரிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆராதனை முடிந்ததும் ‘என்ன, இவ்வளவு நாளாக் காணோம்?’ என்று கேட்க வாசலில் சிலர் எப்படியும் நிற்பார்கள். நீங்கள் போய் அவர்களிடம் வருகிற அசனத்துக்கு அரிசி யார் பொறுப்பு என்று பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்தால், அதற்குள் அவர் ஆட்டோ ஏறி வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்.